நிலப்படமும் பெயர்ப் பொறிப்பும்

ஓர் ஊரின் கோடுகளை எவ்வளவு திருத்தமாக வரைந்தாலும், பெயர் எழுதப்படாத படம் ஊமைப் படமே ஆகும். சாலையை நெடுங்கோடாகக் காட்டலாம். கட்டடத்தைச் சிறு கட்டமாகக் காட்டலாம். மரச் செறிவைப் பச்சை நிறத்தால் உணர்த்தலாம். ஆனால், 'இது எந்தச் சாலை? அது என்ன கட்டடம்?' என்று கேட்பவருக்கு எழுத்து ஒன்றே விடை கூற வல்லது. இவ்வாறு இருந்தும், நிலப்படம் வரையக் கற்கும் மாணவர் பலர் பெயர் எழுதுவதை இறுதியில் செய்யும் சில்லறை வேலையாகக் கருதுகின்றனர். அது சில்லறை வேலை அன்று. படத்தின் பயனில் பாதி அதனிடத்தில்தான் தங்கியுள்ளது.

கையால் வரைந்த காலத்தில் பெயர் எழுதுவதற்கென்றே தனிப் பயிற்சி பெற்றவர் இருந்தனர். இன்று கணிப்பொறி அவ்வேலையைச் செய்கிறது. ஆயினும், எதை எழுதுவது, எங்கே எழுதுவது, எந்த அளவில் எழுதுவது என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை கூற வேண்டியவர் மனிதரே. அவ்விடைகளை ஓர் எடுத்துக்காட்டின் வழியே ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

எடுத்துக்காட்டாகத் தில்லியின் சரோஜினி நகரைக் கொள்கிறேன். தென் தில்லிக்குப் புதிதாக வரும் தமிழ் மாணவர்களின் கையில் கொடுப்பதற்கென அப்பகுதியின் படம் ஒன்றைத் தமிழ்ப் பெயர்களோடு அமைத்து வருகிறேன். நான் பயன்படுத்தும் மென்பொருள் கியூஜிஐஎஸ். கேரி ஷெர்மன் என்பவர் 2002-ஆம் ஆண்டு தொடங்கிய இம்மென்பொருளை எவரும் விலையின்றிப் பெறலாம். படத்திற்கு வேண்டிய கோடுகளும் புள்ளிகளும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்னும் பொதுத் தொகுப்பிலிருந்து கிடைக்கின்றன. 2004-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் தொடங்கிய அத்தொகுப்பு, உலகெங்கும் உள்ள தன்னார்வலர்களின் உழைப்பால் வளர்ந்தது.

ஒரு பெயர், பல பொருள்கள்

1879-ஆம் ஆண்டு ஐதராபாத்தில் பிறந்து, 1925-ஆம் ஆண்டு காங்கிரசுப் பேரவைக்குத் தலைமை தாங்கி, விடுதலைக்குப் பின் ஐக்கிய மாகாணத்தின் ஆளுநராக இருந்து 1949-ஆம் ஆண்டு மறைந்த சரோஜினி நாயுடுவின் பெயரை இப்பகுதி தாங்கி நிற்கிறது. அரசு ஊழியர்க்கென அமைந்த குடியிருப்பு இது. ஆனால், தில்லியில் 'சரோஜினி நகர்' என்று ஒருவர் கூறினால் அவர் குடியிருப்பைக் கூறுகிறார் என்று கொள்ளுதல் இயலாது. மலிவான ஆடைகளுக்குப் பேர்பெற்ற மார்க்கெட்டைக் கூறலாம். 2018-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் திறக்கப்பட்ட மெட்ரோ நிலையத்தைக் கூறலாம். தில்லி வட்ட இரயில் பாதையில் உள்ள இரயில் நிலையத்தைக் கூறலாம். பேருந்து டிப்போவையும் கூறலாம். இலக்னோவிலும் சரோஜினி நகர் என்று ஓர் இடம் உண்டு என்பது வேறு.

இந்நிலையில், மென்பொருளை நோக்கி 'பெயர்ப் பத்தியில் உள்ளதை எழுது' என்று மட்டும் கட்டளையிட்டால் என்ன ஆகும்? ஒரே பெயர் ஐந்து இடங்களில் ஒரே எழுத்தில் நிற்கும். மெட்ரோவைத் தேடும் மாணவர் இரயில் நிலையத்தின் வாயிலில் போய் நிற்பார். வட்ட இரயிலின் வண்டிகளோ சிலவே; மெட்ரோவைப் போல் சில நிமிடங்களுக்கு ஒருமுறை வருவன அல்ல.

ஆதலின், பொருளின் வகைக்கு ஏற்ப விதி வகுத்தல் முதற் கடமை. கியூஜிஐஎஸ் மென்பொருளில் விதிவழி லேபிள் என்னும் வசதி உள்ளது. 'பொருள் மெட்ரோ நிலையமாயின், பெயரோடு மெட்ரோ என்பதைச் சேர்த்துச் சிவப்பில் எழுது. இரயில் நிலையமாயின் கறுப்பில் எழுது. குடியிருப்பாயின் எழுத்துகளைப் பரப்பிச் சாம்பல் நிறத்தில் எழுது' என்று வரிசையாக விதிகளை அமைக்கலாம். ஒவ்வொரு விதிக்கும் தனி நிறம், தனி அளவு, தனித் தோன்றும் எல்லை உண்டு. நிறமும் அளவும் அழகுக்காக மட்டும் வருவன அல்ல. 'இப்பெயர் எவ்வகைப் பொருளுக்கு உரியது' என்பதைப் படிப்பவருக்குச் சொல்லாமற் சொல்லும் கருவிகள் அவை.

லேபிள் வேறு, குறிப்பு வேறு

படத்தில் தோன்றும் எழுத்து இரு வகைப்படும். தரவுப் பட்டியலிலிருந்து தானே எடுத்து எழுதப்படுவது லேபிள். பட்டியலில் பெயரைத் திருத்தினால் படத்திலும் அது திருந்தும். வரைபவர் தம் கையால் ஓரிடத்தில் தட்டி எழுதுவது அனோடேஷன் எனப்படும் குறிப்பு. அது தரவோடு தொடர்பற்றது. எழுதிய இடத்தில் எழுதியபடியே நிற்கும்.

'பிகாஜி காமா பிளேஸ்' என்பது லேபிளாக வர வேண்டியது. ஏனெனில் அது ஒரு பொருளின் பெயர். '2005 அக்டோபர் 29 மாலை இம்மார்க்கெட்டில் குண்டு வெடித்துப் பலர் உயிரிழந்தனர்' என்பது குறிப்பாக வர வேண்டியது. அது பெயர் அன்று, அவ்விடத்தைப் பற்றி நாம் கூறும் செய்தி. இவ்வேற்றுமையை மறந்து எல்லாவற்றையும் குறிப்பாகவே எழுதிவிடுவோர் உண்டு. தொடக்கத்தில் அது விரைவாகத் தோன்றும். நூறு பெயர்கள் சேர்ந்த பின் எழுத்தின் அளவைச் சிறிது குறைக்க நேர்ந்தாலோ, எழுத்துக்கூட்டலை மாற்ற நேர்ந்தாலோ, நூறு இடங்களிலும் கைவைக்க வேண்டிவரும்.

குறிப்புகளைப் பேணுவதற்கும் முறை உண்டு. தனிக் குறிப்படுக்கு எதையும் உண்டாக்காமல் எழுதினால், எல்லாக் குறிப்புகளும் முதன்மைக் குறிப்படுக்கு ஒன்றில் போய்ச் சேரும். அவ்வடுக்கு எப்போதும் மற்றெல்லா அடுக்குகளுக்கும் மேலே நிற்பது. ஆதலால், பொருள்வாரியாகத் தனித்தனிக் குறிப்படுக்குகளை உண்டாக்கிப் பெயரிட்டுக்கொள்வது நன்று. வேண்டியபோது ஒன்றைக் காட்டலாம், ஒன்றை மறைக்கலாம். ஆனால், குறிப்படுக்கிற்குத் தரவுப் பட்டியல் இல்லை. அதில் தேடவோ, வரிசைப்படுத்தவோ இயலாது. குறிப்புகள் பத்துக்கு மேற்படுமாயின், அவற்றிற்கெனப் புள்ளிகள் கொண்ட தரவடுக்கு ஒன்றை ஜியோபேக்கேஜ் கோப்பில் அமைத்து, 'குறிப்பு', 'ஆண்டு', 'கூறியவர்', 'எழுதிய நாள்' என நான்கு பத்திகள் வைத்து, அதிலிருந்து லேபிளாக எழுதுவிப்பதே சிறந்த வழி. அப்போது குறிப்பும் தரவாகி விடுகிறது. வேறொருவர் அதனைச் சரிபார்க்கலாம்.

அளவின் கணக்கு

எழுத்து தாளில் இடத்தை அடைக்கிறது. தாளில் அடைத்த இடம் நிலத்திலும் இடத்தை அடைக்கிறது. இதனைக் கணக்கிட்டுப் பார்த்தல் நலம். எழுத்தின் உயரம் 2 மில்லிமீட்டர் எனக் கொள்வோம். 1:5,000 அளவுடைய படத்தில் அது நிலத்தில் 10 மீட்டரை மறைக்கும். 1:25,000 அளவில் 50 மீட்டரை மறைக்கும். 1:50,000 அளவில் 100 மீட்டரை மறைக்கும். 'சரோஜினி நகர்' என்னும் சொற்றொடர் தாளில் 20 மில்லிமீட்டர் நீளம் எனின், முதற்படத்தில் 100 மீட்டரும், இறுதிப் படத்தில் ஒரு கிலோமீட்டரும் ஆகும். ஒரு பெயரே ஒரு கிலோமீட்டரை விழுங்கும்போது, அதனுள் அடங்கிய சந்துகளின் பெயர்களுக்கு இடம் ஏது?

ஆகவே, ஒவ்வொரு பெயருக்கும் தோன்றும் எல்லையை வகுக்க வேண்டும். குடியிருப்பின் பெயர் 1:50,000 முதல் தோன்றட்டும். மெட்ரோ நிலையமும் மார்க்கெட்டும் 1:20,000 முதல் தோன்றட்டும். பாபு மார்க்கெட், விநாயகர் கோயில், பிலஞ்சி கிராமம் ஆகியவை 1:10,000 முதல் தோன்றட்டும். தொகுதி எண்கள் 1:5,000-க்கு வந்த பின் தோன்றினால் போதும். இவ்வெல்லைகள் நான் என் படத்திற்கு வகுத்தவை. ஊருக்கு ஊர் இவை மாறும். குறிப்படுக்கில் எழுதிய எழுத்துக்கு மேற்கோள் அளவு ஒன்றைக் குறித்துவிட்டால், படம் பெருகும்போது எழுத்தும் பெருகும். சுருங்கும்போது அதுவும் சுருங்கும். நிலத்தோடு ஒட்டி நிற்க வேண்டிய குறிப்புகளுக்கு இது பொருந்தும்.

இடம் காணும் அருமை

பெயரை எங்கே வைப்பது என்பது பழைய வினா. சுவிட்சர்லாந்து நாட்டு நிலப்பட அறிஞர் எடுவார்ட் இம்ஹோஃப் 1962-ஆம் ஆண்டு இதற்கு இலக்கணம் போன்றதொரு கட்டுரை வகுத்தார். புள்ளியின் பெயர் அதன் வலப்புறம் சற்று மேலே நிற்பது சிறப்பு. பரப்பின் பெயர் அப்பரப்பின் உள்ளே பரந்து நிற்க வேண்டும். கோட்டின் பெயர் கோட்டை ஒட்டிச் செல்ல வேண்டும். எப்பெயரும் எப்பொருளுக்கு உரியது என்பதில் ஐயம் எழலாகாது. இவை அவர் நெறிகளுட் சில. 1972-ஆம் ஆண்டு பிங்காஸ் யோவேலி இத்தகைய நெறிகளைக் கணிப்பொறிக்கு உரிய முறையாக மாற்ற முயன்றார்.

இது கணிப்பொறிக்கும் கடினமான வேலையே. ஒரு புள்ளியின் பெயரை அதன் நான்கு மூலைகளில் ஒன்றில் வைக்கலாம் எனக் கொள்வோம். பத்துப் புள்ளிகள் இருந்தால் 10,48,576 வகையில் வைக்கலாம். இருபது புள்ளிகள் இருந்தாலோ அவ்வகைகள் ஒரு இலட்சம் கோடியைத் தாண்டும். எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சோதிப்பது நடவாத செயல். ஆதலால், மென்பொருள் ஓரளவு நல்லதொரு அமைப்பைக் கண்டதும் நின்றுவிடுகிறது. இடம் கிடையாத பெயர்களைச் சொல்லாமலே விட்டுவிடுகிறது. இங்கேதான் மாணவர் விழிப்பாக இருக்க வேண்டும். படத்தில் ஒரு பெயர் இல்லையெனில், அது தரவில் இல்லை என்று பொருளன்று. இடம் இன்றி விடப்பட்டும் இருக்கலாம். விடுபட்ட பெயர்களைச் சிவப்பில் காட்டும் பொத்தான் கியூஜிஐஎஸ் மென்பொருளில் உண்டு. அதனை அழுத்திப் பாராமல் எப்படத்தையும் அச்சுக்கு அனுப்புதல் கூடாது.

எந்தப் பெயர் முக்கியம் என்பதை முன்னுரிமை எண்ணால் உணர்த்தலாம். அதன் பின்னும் சரியாக அமையாதவற்றைக் கையால் நகர்த்தி வைக்கலாம். முதன்முறை நகர்த்தும்போது, ஒவ்வொரு பொருளையும் தனித்தறியும் எண் எந்தப் பத்தியில் உள்ளது என மென்பொருள் கேட்கும். நகர்த்திய இடம் அவ்வெண்ணோடு சேர்த்தே துணைச் சேமிப்பில் வைக்கப்படுகிறது. எனவே, நாளை மாறிவிடக்கூடிய வரிசை எண்ணைக் கொடுக்காமல், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் கொடுத்த எண்ணைக் கொடுப்பது அறிவுடைமை. தரவைப் புதுப்பிக்கும்போது நம் உழைப்பு வீணாகாது.

தமிழ் எழுத்தின் தனித்தன்மை

மேலே கூறியவை எம்மொழிக்கும் பொதுவானவை. தமிழில் பெயர் பொறிப்போர் அறிய வேண்டியவை வேறும் சில உள.

'சரோஜினி நகர்' என்பதில் நம் கணக்கில் ஏழு எழுத்துகள் உள்ளன. கணிப்பொறியின் கணக்கிலோ, இடைவெளி நீங்கலாகப் பதினொரு குறியீடுகள். ரகரம் ஒன்று, ஓகாரக் குறி ஒன்று எனப் பிரித்தே அது எண்ணுகிறது. 'முதல் இரண்டு எழுத்தை எடு' என்று கட்டளையிட்டால் 'சரோ' கிடைக்காது. 'சர' என்றே கிடைக்கும். பெயரைச் சுருக்கி எழுத விரும்புவோர், எழுத்தை எண்ணி வெட்டாமல், சுருக்கத்தைத் தனிப் பத்தியில் தாமே எழுதிவிடுதல் வேண்டும்.

ஓகாரக் குறியில் இன்னொரு நுட்பமும் உண்டு. அதனை ஒரே குறியீடாகவும் தட்டலாம். ஏகாரக் குறியையும் காலையும் அடுத்தடுத்துத் தட்டியும் பெறலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஆனால், யுனிகோடு முறைப்படி சீர்செய்யாத நிலையில் கணிப்பொறிக்கு அவை இரு வேறு சொற்கள். ஒரு பட்டியலில் ஒரு வகையாகவும் மற்றொன்றில் மறுவகையாகவும் இருந்தால், இரண்டையும் பெயர்வழி இணைக்க முயலும்போது இணையா. பெயரால் இணைக்காமல் எண்ணால் இணைப்பதே பாதுகாப்பு.

இனி, பரப்பின் பெயரை எழுத்துகளுக்கிடையே இடம் விட்டு எழுதும் வழக்கம் ஆங்கிலப் படங்களில் உண்டு. தமிழில் அவ்வாறு செய்யும்போது, கொம்பும் காலும் தம் மெய்யை விட்டு விலகாமல் இருக்கின்றனவா எனப் பார்த்தல் வேண்டும். வளைந்த சாலையில் பெயரை வளைத்து எழுதும்போதும் இதே எச்சரிக்கை தேவை. தமிழெழுத்தில் மேல் வளைவுகளும் புள்ளியும் மேலே எழுகின்றன. உகர ஊகாரக் குறிகள் கீழே இறங்குகின்றன. ஆகவே, இரு வரியாகப் பெயர் எழுதும்போது வரி இடைவெளியை ஆங்கிலத்தைவிடச் சற்று மிகுதியாக வைப்பது நலம். எழுத்தைச் சுற்றி வெண்ணிற விளிம்பு இட்டால், கீழுள்ள கோடுகள் எழுத்தைக் குழப்பமாட்டா.

படத்தை அச்சுக்கு அனுப்பும்போது, எழுத்தை எழுத்தாகவே அனுப்புவதா, கோட்டுருவமாக மாற்றி அனுப்புவதா என மென்பொருள் கேட்கும். அச்சகத்தில் நம் எழுத்துரு இல்லாது போகலாம். அங்கே தமிழ் சிதையவும் கூடும். கோட்டுருவமாக அனுப்பினால் சிதைவில்லை. ஆனால் அக்கோப்பில் சொல்லைத் தேட இயலாது. அச்சுக்கு ஒன்றும், திரையில் தேடுவதற்கு ஒன்றுமாக இரு படிகள் வைத்துக்கொள்ளலாம்.

எப்பெயரை எழுதுவது?

தில்லியின் சாலைப் பலகைகளில் இந்தி, ஆங்கிலம், பஞ்சாபி, உருது ஆகிய நான்கு மொழிகளைக் காண்கிறோம். தமிழ் அங்கே இல்லை. எனவே, தமிழ்ப் படத்தில் உள்ள பெயரை வாய்விட்டுப் படித்தால், கேட்கும் ஆட்டோக்காரருக்கு அது விளங்க வேண்டும். 'ரிங் ரோடு' என்பதை 'வட்டச் சாலை' என்று மொழிபெயர்த்து எழுதுவது தமிழ்ப் பற்றாக இருக்கலாம். வழி கேட்க உதவாது. சிறப்புப் பெயரை ஒலிப்படி எழுதுக. அது என்ன பொருள் என்பதைத் தமிழால் உணர்த்துக. 'விநாயகர் மந்திர்' என்பதை 'விநாயகர் கோயில்' என எழுதுவதில் தவறில்லை. தில்லித் தமிழர் வாயில் வழங்குவதும் அதுவே. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தொகுப்பில் ஒரு பொருளுக்குப் பல மொழிப் பெயர்களையும் தனித்தனியே பதியலாம். 'தமிழ்ப் பெயர் இருந்தால் அதனை எழுது; இல்லையேல் ஆங்கிலப் பெயரை எழுது' என்னும் விதியை லேபிளில் அமைத்துவிட்டால், தமிழ்ப் பெயர் சேரச் சேரப் படம் தானே தமிழாகும். தொகுப்பைப் பயன்படுத்துவோர் அதன் பங்களிப்பாளரைப் படத்தின் மூலையில் குறித்தல் உரிம விதி, அக்குறிப்பையும் மறத்தலாகாது.

மறையும் பெயர்கள்

இதுவரை கூறியவை முறைகள். அவை எதற்காக என்பதை இனிக் கூற வேண்டும்.

சரோஜினி நகர் முன்பு விநய் நகர் என வழங்கியது. முதியோர் சிலர்க்கு அப்பெயர் இன்றும் நினைவில் உண்டு. 2016-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் மத்திய அமைச்சரவை, சரோஜினி நகர், நேதாஜி நகர், நௌரோஜி நகர் முதலிய ஏழு அரசுக் குடியிருப்புகளை இடித்துக் கட்ட ஒப்புதல் அளித்தது. 12,970 வீடுகள் இருந்த இடத்தில் ஏறத்தாழ 25,667 வீடுகள் எழ வேண்டும் என்பது அத்திட்டம். 2018-ஆம் ஆண்டு மரங்கள் வெட்டப்படுவதை எதிர்த்து மக்கள் திரண்டனர். தில்லி உயர்நீதிமன்றம் வெட்டுதலை நிறுத்தி வைத்தது. தாழ்ந்த வீடுகள் மறைந்து உயர்ந்த அடுக்குகள் எழுகின்றன. தரவுத் தொகுப்பில் பழைய கட்டடத்தின் கட்டம் அழிக்கப்படும்போது, அதனோடு கட்டிய லேபிளும் அழிகிறது. அது முறையே, இல்லாத வீட்டை இருப்பதாகக் காட்டுதல் பொய்.

ஆனால், அவ்வீடுகளில் தமிழ்க் குடும்பங்களும் இருந்தன. தெற்கிலிருந்து எழுத்தராகவும் தட்டச்சராகவும் வந்தோர் இத்தகைய குடியிருப்புகளில் குடியேறி, இலட்சுமிபாய் நகரில் உள்ள தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளிக்குத் தம் மக்களை அனுப்பி, விநாயகர் கோயிலில் கூடி வாழ்ந்தனர். வாழ்ந்த வீட்டின் தொகுதி எழுத்தும் எண்ணும் அவர்தம் முகவரியாக இருந்தன. கட்டடம் போன பின் அவ்வெழுத்துக்கு நிலத்தில் இடமில்லை. அதற்கு இடம் கொடுக்க வல்லது குறிப்படுக்கு ஒன்றே. ஓய்வு பெற்றுச் சென்ற பெரியவர் ஒருவரை அணுகி, 'தாங்கள் இருந்த தொகுதி எது? தண்ணீர்க் குழாய் எங்கே இருந்தது? எந்தத் திடலில் நவராத்திரி நடந்தது?' என்று கேட்டு, அவர் விடையை ஆண்டோடு குறித்து வைத்தால், அது வரலாற்றுக்கு உதவும் தரவாகும். கூறியவரின் இசைவைப் பெற்று எழுதுக. இக்காலத்தில் ஒருவர் வசிக்கும் வீட்டின் மேல் அவர் பெயரை எழுதாதொழிக.

இந்தப் பணி காத்திருக்கக் கூடியது அன்று. கட்டடத்தை விண்ணிலிருந்து எடுத்த பழைய படங்களில் பின்னும் காணலாம். அக்கட்டடத்தை மக்கள் என்ன பெயரிட்டு அழைத்தனர் என்பதை எந்த விண்கலமும் படம் பிடிப்பதில்லை. அது முதியோர் நினைவில் மட்டும் உள்ளது, அவர்களோடு போய்விடும்.

முடிவுரை

பெயரை லேபிளாகவும் செய்தியைக் குறிப்பாகவும் பிரித்தல், வகைக்கு ஏற்ப விதி வகுத்தல், அளவுக்கு ஏற்பத் தோன்றச் செய்தல், விடுபட்டவற்றைத் தேடிக் காணல், தமிழெழுத்து சிதையாமல் காத்தல், ஆண்டும் கூறியவரும் இன்றி எக்குறிப்பையும் எழுதாமை ஆகிய ஆறும் இக்கட்டுரையின் சாரம். நம் சங்கத்து மாணவர் ஒவ்வொருவரும் விடுமுறையில் தம் ஊருக்கோ, உறவினர் வாழும் நகர்க்கோ செல்லும்போது, ஒரு தெருவை எடுத்துக்கொண்டு இதனைச் செய்து பார்க்கலாம். ஒரு தெருவுக்கு ஒரு பிற்பகல் போதும். அங்கே வாழும் முதியவர் ஒருவரைத் துணைக்கு அழைத்துச் செல்வது மட்டும் இன்றியமையாதது.